நின்றது: இல்லை

ஆடி 12, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற ஜெபசீலி. நாசரேத்துக்காரி. தங்கமான பிள்ளை, ஆனால் கேள்வி ஓயாது. தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம். மாத்திரை போட்ட நேரம், இடுப்பு மிஷின் மாட்டிய நேரம், கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது எங்கே, எத்தனை தடவை. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அந்த ஐந்திலும் முதல் மார்க். இந்தக் கிழவிக்கு எழுத வராது என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

பெயர் குருவம்மாள். வயது எழுபத்திரண்டு. ஊர் கோவில்பட்டி. என் பேத்தி மதிவதனி ரயில் ஓட்டுகிறாள். டிக்கெட் கொடுக்கிற வேலை இல்லை, ஓட்டுகிற வேலை. "உதவி டிரைவர்மா" என்று என் மகன் தவசிமுத்து திருத்துவான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முறுக்கா தின்றுகொண்டிருப்பாள்? இதை ஜெபசீலியிடம் சொன்னேன். மருந்து எடுத்துக் கொடுத்தவரிடமும் லிப்டில் கூட வந்தவர்களிடமும் சொன்னேன்.

எனக்கு வந்திருக்கிற சீக்குக்கு ஒரு வெள்ளைக்காரன் பெயர். பார்க்கின்சன். அவனுக்கு வந்ததை அவனே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவருக்கு வரவில்லை பாட்டி, அவர்தான் கண்டுபிடித்த டாக்டர் என்றாள் ஜெபசீலி. கண்டுபிடித்ததுதான் கண்டுபிடித்தான், சேர்த்து மருந்தையும் கண்டுபிடித்திருக்கலாம்.

மாத்திரை: காலை எட்டு, மதியம் ஒன்று, சாயந்தரம் ஆறு.
நின்றது: இல்லை.

(ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அது செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. கணக்கில் வராது.)

ஆடி 13, செவ்வாய்

மிஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு சாண் அகலத்தில் இடுப்புப் பட்டை. பின்னால் டிபன் டப்பா அளவில் பெட்டி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி இறங்கித் தொடையைப் பிடித்துக்கொள்கிறது. பொத்தானை அமுக்கினால் டக், டக் என்று சத்தம். அந்தச் சத்தத்துக்குக் காலெடுத்து வைக்க வேண்டும். நாம் காலைத் தூக்க நினைத்தால் கூடச் சேர்ந்து தூக்குகிறது. நினைக்காவிட்டாலும் தூக்குகிறது. என் மாமியார் உயிரோடு இருந்தபோது இப்படித்தான்.

சேலைமேல் மாட்ட முடியாதாம். அதனால் தவசிமுத்துவின் நீல நிற டிராக் பேண்ட்டைப் போட்டு, அதன்மேல் மிஷின், அதன்மேல் சேலை. எழுபத்திரண்டு வயதில் பேண்ட் போட்டேன். சிரித்த மருமகள் ஜெயக்கனியை ஒரு பார்வை பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேண்ட்டில் இரண்டு பக்கமும் பை இருக்கிறது. இத்தனை வருஷமாக ஆம்பிளைகள் இந்தச் சுகத்தை நம்மிடம் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. ஒன்றில் மூக்குக்கண்ணாடி போட்டேன். இன்னொன்றில் கடலைமிட்டாய்.

நின்றது: இல்லை.

ஆடி 15, வியாழன்

ஜெபசீலி போன் செய்தாள். எழுத்து ஏன் பாட்டி போகப் போக எறும்பு மாதிரி சிறுத்துப்போகிறது என்று கேட்டாள். ஜெயக்கனி பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், காட்டிக்கொடுக்கிறவள். தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொன்னேன்.

இந்தப் பக்கத்தை ஜெயக்கனி போட்டோ எடுக்கக் கூடாது. இதில் ஒரு விஷயம் எழுதப் போகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அன்னபாக்கியமும் நானும் ஜவுளிக்கடைக்குப் போனோம். கடை வாசலில் என் கால் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை அதுதான். ஆணி அடித்த மாதிரி. அன்னம் கையைப் பிடித்து இழுக்கிறாள், நான் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே சேலை அடுக்கியிருந்த அலமாரி மொத்தமாகச் சாய்ந்து விழுந்தது. அன்னம் என்னைப் பார்த்தாள். "மதினி, ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாள்.

கால் வரவில்லை அன்னம் என்று சொல்லியிருக்கலாம். சும்மா சிரித்தேன்.

அதிலிருந்து தெருவில் என் மரியாதையே வேறு. குருவம்மா வாசலில் நின்றால் உள்ளே ஏதோ சரியில்லை. நிற்காமல் போனால் எல்லாம் நல்லது. மனை பார்க்க, மாடு பிடிக்க, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அன்னம் தன் மகன் சுயம்புலிங்கத்துக்குப் பெண் பார்க்கக் கழுகுமலை, விளாத்திகுளம், சாத்தூர் என்று மூன்று ஊருக்கும் என்னைக் கூட்டிப்போனாள். மூன்று வீட்டு வாசலிலும் நின்றேன். மூன்று சம்பந்தத்தையும் அன்னம் அங்கேயே முறித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். சாத்தூரில் அந்தப் பெண்ணே வெளியே வந்து, "வெயில்ல நிக்கீங்களே ஆச்சி" என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

நல்ல தண்ணீர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி 13-ம் தேதி மதி கட்டியிருக்கிற புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். நான்தான் விளக்கோடு முதலில் வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று மதி சொல்லிவிட்டாள். தெருவே வந்து நிற்கும். அந்த வாசலில் நான் நின்றேன் என்றால், பிள்ளை தூக்கம் கெட்டு ரயில் ஓட்டிக் கட்டிய வீட்டை ராசியில்லாத வீடு என்று ஊர் சொல்லும். நான் வாய் திறக்கவே வேண்டாம். கால் சொல்லிவிடும்.

அதற்காகத்தான் மிஷின். இல்லாவிட்டால் நான் ஏன் பேண்ட் போடுகிறேன்?

மதியிடம் மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறது.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம். மிஷினோடு கோவிலுக்குப் போய் வந்தேன். அன்னபாக்கியம் பின்னாலேயே வந்து என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. குருவம்மா பேத்தி ஒட்டியாணம் எடுத்துக் கொடுத்திருக்கிறாளாம், கிழவி அதைச் சேலைக்குள்ளே போட்டுக்கொண்டு திரிகிறாளாம், களவு போய்விடும் என்று பயமாம். எத்தனை பவுன் என்று மூன்று பேர் கேட்டார்கள். சிரித்தேன்.

சிரிக்கிறதை நான் விட வேண்டும்.

நின்றது: இல்லை. கோவில் வாசலில் சாமியை நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆடி 22, வியாழன்

பெரிய இடி. இந்த மிஷின் எப்போதும் இடது காலைத்தான் முதலில் தூக்குகிறது.

பத்து நாளாக இதை நான் கவனிக்கவில்லை. இன்றைக்கு நம் வீட்டு நிலைப்படியில் வெள்ளோட்டம் பார்த்தபோதுதான் தெரிந்தது. புது வீட்டுக்குள் இடது காலை வைத்து நுழைய நான் என்ன அந்த வீட்டுக்கு விரோதியா? ஜெபசீலிக்குப் போன் போட்டேன். உங்களுக்கு இடது பக்கம்தான் பாட்டி அதிகமாக ஒட்டுகிறது, அதனால் அதில் ஆரம்பிக்கிற மாதிரி வைத்திருக்கிறோம் என்றாள். மாற்றிவை என்றேன். மாற்றினால் விழுந்துவிடுவீர்கள் என்றாள். இந்த மிஷினைச் செய்தவன் எந்த வீட்டுக்காவது பால் காய்ச்சப் போயிருக்கிறானா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பாவம், உண்மையிலேயே கேட்பாள்.

ஆடி 26, திங்கள்

வழி கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்தது ஜெயக்கனி. என் பேரும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் எட்டு வரை எண்ணியது நான். முதல் அடி இடது என்றால் இரண்டாவது வலது. நான்காவது, ஆறாவது, எட்டாவது எல்லாம் வலது. பந்தல்கால் வரப்போகிற இடத்திலிருந்து கிளம்பி எட்டாவது அடியில் நிலைப்படியைத் தாண்ட வேண்டும். புது வீட்டுக்கு நாங்கள் இருவரும் போய் அளந்தோம். ஜெயக்கனி எட்டு இடத்தில் மஞ்சளால் பொட்டு வைத்துவிட்டாள். யார் கேட்டாலும் சாங்கியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் பார்த்தேன். கோலத்தில் கோடு இருக்கிற இடத்தில் என் கால் ஒட்டுவதில்லை. கோலத்தை மிதிக்கக் கூடாது என்று அதுவாகவே தாண்டிவிடுகிறது. ஜெபசீலியிடம் சொன்னதும் குதிக்காத குறை. கண்ணுக்கு ஒரு கோடு தெரிந்தால் கால் புறப்படுமாம், இந்தச் சீக்குக்காரர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தானாம். சீக்குக்காரர்கள் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

நின்றது: இல்லை.

ஆடி 29, வியாழன்

மிஷினைத் துவைக்கக் கூடாதாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். (பட்டையை மட்டும்தான் நனைத்தேன். வெயிலில் காய்கிறது. அன்னபாக்கியம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, ஒட்டியாணம் கறுப்பாக இருக்கிறதே, வெள்ளியா என்று கேட்டாள்.)

ஆவணி 1, ஞாயிறு

மதி வந்தாள். மூன்று மாதத்தில் இளைத்துவிட்டாள். ஆறு தோசை போட்டேன், நான்கு தின்றாள். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் என் பேத்தி போகிறாள் என்று தெருவில் சொல்வது வழக்கம். இன்றைக்கும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவள் என் முன்னால் தோசை தின்றுகொண்டிருக்கிறாள்.

நான் அடுப்படியில் இருந்தபோது இந்த நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். எந்தப் பக்கம்வரை படித்தாள் என்று தெரியவில்லை. மூட்டுவலிக்கு எழுதச் சொன்ன நோட்டு என்றேன்.

"ஒரு இடத்துலகூட நிக்கலியா ஆச்சி? எங்க எக்ஸ்பிரஸே இப்படி ஓடுனதில்ல."

"ஒங்க எக்ஸ்பிரஸ் அஞ்சாங்கிளாஸ்ல முதல் மார்க்கா?"

சிரித்தாள். பிறகு நோட்டை மூடி வைத்துக்கொண்டே சொன்னாள். "நடுவழியில நின்னா நாங்க எழுதணும் ஆச்சி. எந்த இடம், எத்தன நிமிசம், என்ன காரணம். நின்னதுக்கு யாரும் திட்ட மாட்டாங்க. எழுதாம விட்டாத்தான் பிரச்சினை."

ரயில்வேயில் அப்படி இருக்கலாம்.

நின்றது: இல்லை.

ஆவணி 12, வியாழன்

நாளைக்கு. காலை ஆறு மணிக்கு மேல் ஏழே காலுக்குள். பால்காரர் சுப்பையா பசுவும் கன்றும் கொண்டுவருகிறார். அழிந்த மஞ்சள் பொட்டுகளை ஜெயக்கனி மறுபடி வைத்துவிட்டாள். மிஷினுக்கு சார்ஜ் போட்டாயிற்று. டிராக் பேண்ட் துவைத்து இஸ்திரி போட்டாயிற்று. இன்று பதினான்கு தடவை எட்டு எண்ணினேன். பதினான்கு தடவையும் வலது.

ஆவணி 13, வெள்ளி

மணி பதினொன்று. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் புது வீட்டின் உள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீடு அழகு. வாசலில் ஜெயக்கனி நிலைப்படிவரை இழுத்துக் கோலம் போட்டிருந்தாள். தெருவே திரண்டுவிட்டது. முதலில் பசு. அது சமர்த்தாக உள்ளே போய்த் திரும்பி வந்தது. கோலம் மொத்தமும் குளம்பில் போனது. போகட்டும், மஞ்சள் பொட்டு இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். திரும்பி வருகிற வழியில் பசு நின்று, சாணி போட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், குலவை போட்டார்கள். நான் மட்டும் பொட்டுகளை எண்ணிப் பார்த்தேன். அது போட்ட இடம் ஆறாவது பொட்டு.

விளக்கை ஏற்றி என் கையில் கொடுத்தார்கள். மதி உள்பக்கம் நின்றாள். பொத்தானை ஜெயக்கனி அமுக்கினாள். டக், டக். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது அடியில் சாணியைச் சுற்றிக் குட்டி அடியாக ஒன்று கூடுதலாக எடுத்து வைக்க வேண்டியதாகி, கணக்கு ஒன்று தள்ளிவிட்டது. நிமிர்ந்தால் நிலைப்படி. மிஷின் தூக்குவது இடது கால்.

வைக்க மாட்டேன் என்று அழுத்தி நின்றேன். அவ்வளவுதான், இரண்டு பாதமும் ஒட்டிக்கொண்டது. மிஷினுக்கு இது தெரியுமா? அது இடது காலைத் தூக்குகிறது, நான் அமுக்குகிறேன். தூக்குகிறது, அமுக்குகிறேன். டக், டக், டக். வாசலில் நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலில் தங்கு தங்கென்று குதிக்கிறேன். கையில் விளக்கு. உடம்பெல்லாம் ஆடுகிறது. கொண்டை அவிழ்ந்துவிட்டது.

கூட்டத்தில் ஒரு குரல், "ஆத்தா வந்துட்டா."

அடுத்த நிமிஷம் குலவை காதைப் பிளந்தது. யாரோ என் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். யாரோ வேப்பிலை ஒடிக்க ஓடினார்கள். சுப்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்னபாக்கியம் என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள், ஒட்டாமல் குதிக்கிற அந்தக் காலில்.

"ஆத்தா, எம்பிள்ளைக்கு எப்பம்மா கல்யாணம்? ஒரு வாக்கு சொல்லு தாயி."

அப்போது நான் எது சொன்னாலும் செல்லும். வீடு நல்ல வீடு, விளங்கும், எல்லாரும் உள்ளே போங்க என்று ஒரு வார்த்தை போதும். மதிக்கும் குறையில்லை, எனக்கும் மரியாதை. நாக்கு நுனிவரை வந்தது. கீழே அன்னத்தின் உச்சந்தலை தெரிந்தது. சாயம் போய் வெள்ளை வெளேர் என்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது இப்படி இல்லை.

"அன்னம், எந்திரி" என்றேன். "இது ஆத்தா இல்ல. குருவம்மா."

"சரி தாயி" என்றாள். எழுந்திருக்கவில்லை. ஆத்தா சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். சுப்பையா விபூதியை அள்ளி என் நெற்றியில் அப்பினார்.

வேறு வழியில்லை. ஜெயக்கனியிடம் விளக்கைக் கொடுத்துவிட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தேன். நீல டிராக் பேண்ட், பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. குலவை நின்றது. எந்த ஊரிலும் சாமி பேண்ட் போட்டு வந்ததில்லை.

அந்த அமைதியில் சொன்னேன். எனக்கு நரம்புச் சீக்கு, பேர் பார்க்கின்சன். வாசலைக் கண்டால் கால் ஒட்டும். இது மிஷின், ஒட்டியாணம் இல்லை. எனக்குச் சகுனமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மிஷின் மட்டும் டக், டக் என்று என்னைக் குதிக்க வைத்துக்கொண்டே இருந்தது. சபையில் குதித்துக்கொண்டே உண்மை பேசுவது கஷ்டம்.

அன்னம் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப கழுகுமலைல நின்னது?"

"கால் ஒட்டிக்கிச்சு."

"விளாத்திகுளம்?"

"அதுல பாதி கால். பாதி எனக்கே அந்த வீடு பிடிக்கல."

"சாத்தூரு?"

"கால்தான் அன்னம். அது நல்ல பிள்ள."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "எம்பிள்ளைக்கு முப்பத்தேழு வயசு மதினி" என்று மட்டும் சொன்னாள். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓரமாகப் போய் நின்றாள்.

மதி நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். என் சேலை மடிப்புக்குள் கையை விட்டு, தடவாமல் தேடாமல், நேராகப் பொத்தானை அமுக்கினாள். டக் சத்தம் நின்றது. அவளுக்கு அது இருக்கிற இடம் தெரிந்திருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இந்த மிஷினுக்கு என் பெயரை எழுதிக் கொடுத்ததே அவள்தானாம். மூட்டுவலி என்று நான் சொன்னபோதெல்லாம், "தைலம் தேய் ஆச்சி" என்றவள்.

பிறகு கோலமாவை எடுத்து நிலைப்படிக்கு முன்னால் ஒரே ஒரு கோடு போட்டாள். உள்ளே போய் நின்று, தாம்பூலத் தட்டிலிருந்த பச்சை ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடி மாதிரி ஆட்டினாள்.

"சிக்னல் போட்டாச்சு ஆச்சி. வா."

மணி ஏழு பத்து. விளக்கை வாங்கிக்கொண்டு கோட்டைப் பார்த்தேன். தாண்டினேன்.

வலது காலா, இடது காலா என்று நான் கவனிக்கவில்லை. ஜெயக்கனி வலது என்கிறாள். ஜெயக்கனி நல்ல மருமகள்.

பால் பொங்கியது.

ஆவணி 16, திங்கள்

எதிர்வீட்டு ஜன்னல் மூன்று நாளாகச் சாத்தியிருக்கிறது. நான் கொடுத்துவிட்ட பாயசத்தை அன்னம் வாங்கிக்கொண்டாள், கிண்ணம் திரும்பி வரவில்லை.

ஜெபசீலிக்கு: ஆடி 12 முதல் இல்லை என்று எழுதியிருக்கிற எல்லாம் பொய். ஒரு நாளைக்கு ஆறு இருக்கும். சில நாள் எட்டு. எழுத்து சிறுத்துப்போவது தாளை மிச்சம் பிடிப்பதற்காக இல்லை.

இன்று நின்றது: ஏழு. அதில் நான்கு எங்கள் வீட்டு வாசலில், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அதில் எத்தனை கால், எத்தனை நான் என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஆவணி 18, புதன்

மிஷினைச் செய்த கம்பெனியிடம் ஜெபசீலி நிஜமாகவே கேட்டிருக்கிறாள். வலது காலில் தொடங்குவதற்கும் ஒரு ஏற்பாடு செய்வார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, பால் காய்ச்ச என்று இவள் எழுதி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ.

நின்றது: ஐந்து.

ஆவணி 22, ஞாயிறு

காலையில் அன்னபாக்கியம் வந்தாள். கையில் என் கிண்ணம், கழுவித் துடைத்து. சாத்தூர்ப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம், விசாரித்துவிட்டாளாம். கிளம்பு என்றாள். நான் எதற்கு என்றேன்.

"நின்னது நீதான? நீயே வந்து சரி பண்ணு. மிஷின மாட்டிக்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் அன்னம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கடலைமிட்டாயை நீட்டினேன். வாங்கித் தின்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுயம்புலிங்கம் முன் சீட்டில் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே வந்தான்.

அதே வாசல். ஒட்டிக்கொண்டது.

அன்னம் என்னைப் பார்த்தாள். பிறகு தன் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை எனக்கு முன்னால் குறுக்கே நீட்டினாள். கோட்டுக்குப் பதில் கால்.

"தாண்டு."

"காலத் தாண்டுனா வளராமப் போயிருவ அன்னம்."

"எழுபது வயசுக்கு மேல வளந்து என்ன செய்யப் போறேன். தாண்டு மதினி, வெயில் அடிக்கி."

தாண்டினேன். உள்ளே பெண்ணின் அத்தை ஒருத்தி முகத்தைச் சுருக்கி, பெரியம்மா ஏன் வாசலில் நின்றார்கள், போன தடவையும் நின்றார்களே என்று கேட்டாள்.

"அவளுக்குக் கால் ஒட்டும்" என்றாள் அன்னம், சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டே. "வேற ஒண்ணுமில்ல. நீங்க பிள்ளையக் கூப்பிடுங்க."

அந்தப் பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். முதலில் எனக்குத்தான் கொடுத்தாள்.

மாத்திரை: காலை எட்டு, மதியம் ஒன்று (சாத்தூர்த் தண்ணீரில்), சாயந்தரம் ஆறு.
மிஷின்: காலை ஒன்பது முதல் மூன்று வரை.
நின்றது: ஒன்று. இடம், சாத்தூர், பெண் வீட்டு வாசல். ஒரு நிமிஷம் இருக்கும். காரணம், கால்.